ஏழால் வகுபடாத பூனை

பொன்மலை ரயில்வே காலனியில் நான் வளர்ந்த காலத்தில் பெரியவர்கள் பேச்சு எங்கே தொடங்கினாலும் சண்டையில்தான் போய் நிற்கும். யூனியன் தேர்தல், புரமோஷன் பட்டியல், தண்ணீர் வரும் நேரம், யார் வீட்டு முருங்கைக் கிளை யார் வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று எதிலும் சண்டை. சண்டை வராத பேச்சு இரண்டுதான். எந்த எண் எதால் வகுபடும் என்பது ஒன்று. யார் வீட்டு நாயும் பூனையும் கோழியும் அன்றைக்கு என்ன செய்தன என்பது இன்னொன்று. முதலாவதில் சண்டைக்கு வழியில்லை, வகுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாவதில் சண்டை போட யாருக்கும் மனசு வராது.

திருச்சிக்காரர்களுக்குப் பொன்மலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனையை 1920களின் கடைசியில் இங்கே கொண்டுவந்தார்கள். அதைச் சுற்றி வரிசை வரிசையாகக் குவார்ட்டர்ஸ். பின்கட்டு விசாலமாக இருக்கும், அதனால் எல்லா வீட்டிலும் ஏதாவது ஒரு ஜீவன் இருக்கும். பணிமனைச் சங்கு ஊதினால் ஊரே மணி பார்த்துக்கொள்ளும். எங்கள் தெரு நாய்கள் அந்தச் சங்கோடு சேர்ந்து ஊளையிடும். இரண்டும் ஒரே சுருதியில் இருப்பதாகப் பாட்டி சொல்வாள்.

சாயங்காலம் கரண்ட் போனால் எங்கள் வீட்டு வாசற்படிதான் சபை. அப்பா ரயில்வே கணக்குப் பிரிவில் எழுத்தர். எதிர்வீட்டு மாமா பணிமனையில் வேகன் பிரிவு ஃபிட்டர். மூன்று வீடு தள்ளி, பணி ஓய்வு பெற்ற ரயில் டிரைவர் ஒருவர். ஆங்கிலோ-இந்தியர், நீராவி இன்ஜின் ஓட்டியவர். எங்களுக்கெல்லாம் அவர் அங்கிள். தெருமுனையில் கணக்கு டீச்சர் இருந்தார். அவரைவிட வயதில் மூத்தவர்கள்கூட அவரை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பாட்டி கோழி வளர்த்தாள். இவர்களுக்கு நடுவே எங்கள் வீட்டுப் பூனை. பக்கத்து வீட்டில் போட்ட குட்டிகளை ஆளுக்கொன்றாக எடுத்துப் போன பிறகு எடுக்க ஆளில்லாமல் நின்றது அது. பாட்டி அதற்கு ‘மிச்சம்’ என்று பெயர் வைத்தாள்.

அப்பாவுக்குப் பிடித்த எண் 9. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்ததெல்லாம், இலக்கங்களைக் கூட்டி வரும் தொகை 9ஆல் வகுபட்டால் எண்ணும் வகுபடும் என்பதுதான். அப்பாவுக்கு அது பிழைப்பு. மாதக் கடைசியில் பற்று ஒரு பக்கமும் வரவு ஒரு பக்கமும் கூட்டி, இரண்டும் ஒத்துப்போகாமல் போனால், முதலில் வித்தியாசத்தை எடுத்துக்கொண்டு அதை 9ஆல் வகுத்துப் பார்ப்பார். வகுபட்டால் முகம் மலர்ந்துவிடும். யாரோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

‘‘5,374ஐ 5,734னு எழுதிட்டான்னு வை. வித்தியாசம் 360. ஒன்பதால வகுத்தா நாப்பது. அப்ப என்ன தேடணும்? நாலு வித்தியாசம் இருக்கிற ரெண்டு எழுத்து, பத்தாம் இடத்துலயும் நூறாம் இடத்துலயும் பக்கம் பக்கமா உக்காந்திருக்கும். மூணும் ஏழும். லெட்ஜர் முழுக்கப் புரட்ட வேண்டியதில்ல.’’

ஒரு சுழி கூடிப்போனாலும் இதேதான். 250 ரூபாயை 2,500 என்று எழுதினால் வித்தியாசம் 2,250. அது 250இன் 9 மடங்கு. இடம் மாறினாலும் சுழி கூடினாலும் 9 காட்டிக்கொடுத்துவிடும். பிழைக்கு இப்படி ஒரு முகவரி இருக்கிறது என்பது எனக்கு அந்த வயதில் பெரிய ஆச்சரியம்.

எதிர்வீட்டு மாமா 11இன் ஆள். ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்டி, மற்றதைக் கழித்து, 0 அல்லது 11இன் மடங்கு வந்தால் வகுபடும். 8,294 என்றால் 8இலிருந்து 2 போக 6, 9 சேர்த்தால் 15, 4 போனால் 11. வகுபடும், ஈவு 754. அப்பாவின் 9ஐச் சீண்டுவதற்கு அவரிடம் ஒரு நல்ல வாதம் இருந்தது. ஒரு பெருக்கலைச் சரிபார்க்க 9ஐப் பயன்படுத்தினால், விடையில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தாலும் அது கண்டுகொள்ளாது. கூட்டுத்தொகை மாறாதே! 347ஐ 28ஆல் பெருக்கினால் 9,716. அதை 9,176 என்று எழுதி வைத்தாலும் 9 தலையாட்டும். 11 தலையாட்டாது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் 11 எப்போதும் பிடித்துவிடும்.

‘‘உங்க ஒன்பது தப்பு நடந்தப்புறம் துப்பறியும் சார். என் பதினொண்ணு நடக்கிறப்பவே கையைப் பிடிக்கும்’’ என்பார். அப்பா சிரிப்பார். இவர்கள் இருவரும் யூனியனில் எதிரெதிர் அணி. வேறு எந்த விஷயத்திலும் அப்படிச் சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை.

பல வருஷம் கழித்து, கல்லூரி நூலகத்தில் ஒரு விவரம் படித்தபோது எனக்கு இவர்கள் ஞாபகம்தான் வந்தது. ஆலிஸ் கதையில் சிரிப்பை மட்டும் விட்டுவிட்டு மறைந்துபோகும் பூனையை எழுதிய லூயிஸ் கரோல், ஆக்ஸ்ஃபோர்டில் கணித விரிவுரையாளராக இருந்தவர். இயற்பெயர் சார்லஸ் டாட்ஜ்சன். அவர் 1897இல் ‘நேச்சர்’ இதழுக்கு ஒரு சிறு குறிப்பு எழுதினார். எதைப் பற்றி? ஓர் எண்ணை 9ஆலும் 11ஆலும் சுருக்கமாக வகுக்கும் முறை பற்றி. அடுத்த ஜனவரியில் அவர் இறந்துபோனார். எங்கள் வாசற்படிக்கு வந்திருந்தால் அவருக்கு இடம் கிடைத்திருக்கும். மிச்சம் மடியில் ஏறி உட்கார்ந்திருக்கும்.

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் எண்ணெல்லாம் வாரத்தில் இருந்தது. கோழியை அடை வைத்தால் 3 வாரம். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் வெளிச்சத்துக்கு நேராக முட்டையைப் பிடித்துப் பார்ப்பாள். உள்ளே சிவப்பு நரம்பு ஓடினால் திரும்ப வைப்பாள், வெறிச்சென்று இருந்தால் கூமுட்டை என்று எடுத்துவிடுவாள். முட்டையை எப்போதும் ஒற்றைப்படையில்தான் வைப்பாள், 11 அல்லது 13. ஏன் என்று கேட்டால், ‘‘அப்பத்தான் நல்லா பொரிக்கும்’’ என்பதற்கு மேல் பதில் கிடையாது. ஒருமுறை யாரோ கொடுத்த வாத்து முட்டைகளைக் கோழிக்கு அடியில் வைத்தாள். அதற்கு 4 வாரம். கோழி ஒரு வாரம் கூடுதலாக அடைகாத்தது. பிறகு அந்தக் குஞ்சுகள் துணி துவைக்கும் தொட்டிக்குள் இறங்கியபோது கரையில் நின்று அது போட்ட கூச்சலைக் கேட்டு டிரைவர் அங்கிள் வீட்டிலிருந்தே ஓடிவந்தார்.

கோழிக்கு 21, வாத்துக்கு 28. அங்கிள் உடனே சேர்த்துக்கொண்டார்: ‘‘நாய்க்கு 63. எல்லாம் செவன் டேபிள்!’’ பூனைக்கும் ஏறக்குறைய அதே கணக்கு. பூனை குட்டியை ஏழு வீடு மாற்றும் என்று வேறு சொல்வார்கள். நாய்க்கு ஒரு வருஷம் நமக்கு ஏழு வருஷம் என்று அங்கிள் சொல்வார். எங்கு திரும்பினாலும் ஏழு. உயிரெல்லாம் ஏழின் மடங்கில் ஓடுகிறது என்று நாங்கள் பிள்ளைகள் முடிவு கட்டிவிட்டோம்.

டீச்சர் மட்டும் தலையாட்டவில்லை. ‘‘முயலுக்கு எத்தனை நாள்?’’ என்றார். ஒரு மாசம், 31 நாள் சுமார். ‘‘ஆட்டுக்கு?’’ ஐந்து மாசம், 150 நாள் சுமார். இரண்டும் ஏழால் வகுபடாது. ‘‘வகுபடறதை மட்டும் பொறுக்கிச் சேத்தா எல்லாம் வகுபடத்தான் செய்யும்’’ என்றார். நான் இன்றுவரை பத்திரிகையில் எந்தப் புள்ளிவிவரத்தைப் பார்த்தாலும் முதலில் முயலையும் ஆட்டையும் தேடுவது அந்தச் சாயங்காலத்தால்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாட்டிக்கும் அங்கிளுக்கும் அவ்வளவு சுலபமாக வசப்பட்ட ஏழு, பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு வசப்படவே இல்லை. 2, 3, 4, 5, 6, 8, 9, 10, 11 எல்லாவற்றுக்கும் பாடப்புத்தகத்தில் வகுபடும் விதி இருந்தது. ஏழுக்கு மட்டும் இல்லை. வகுத்துத்தான் பார்க்க வேண்டும். ஏன் இல்லை என்று நான் வாசற்படியில் கேட்டதும் டீச்சருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

அவர் எப்போதும் விதியை முதலில் சொல்ல மாட்டார். காரணத்தைத்தான் முதலில் சொல்வார். 9க்கு ஏன் கூட்டுகிறோம்? 10 என்பது 9ம் 1ம். 100 என்பது 99ம் 1ம். 5,382இல் உள்ள 5 ஆயிரத்தை, 5 முறை 999, கூடவே ஒரு 5 என்று பிரிக்கலாம். 999 போன்றவையெல்லாம் 9க்குக் கட்டுப்பட்டவை, அவற்றைத் தள்ளிவிட்டால் நிற்பது 5, 3, 8, 2 மட்டும். அதைத்தான் கூட்டுகிறோம். 11க்கு ஏன் கூட்டியும் கழித்தும் போகிறோம்? 10 என்பது 11க்கு ஒன்று குறைவு, 100 என்பது 99க்கு ஒன்று அதிகம், 1,000 என்பது 1,001க்கு ஒன்று குறைவு. குறைவும் அதிகமும் மாறி மாறி வருவதால் கழித்தலும் கூட்டலும் மாறி மாறி வருகின்றன.

‘‘ஏழுக்குப் பத்தோட அப்படி ஒட்டுறவு இல்ல. அதனால சுத்தி வளைச்சுப் போகணும்’’ என்று சொல்லிவிட்டு, சாக்பீஸால் படியிலேயே எழுதினார். கடைசி இலக்கத்தை எடு. இரட்டிப்பாக்கு. மீதி எண்ணிலிருந்து கழி. 1729 என்றால் கடைசி இலக்கம் 9, இரட்டிப்பு 18. 172இலிருந்து 18 போனால் 154. மறுபடியும்: 15இலிருந்து 8 போனால் 7. வகுபடும். ஏன்? கடைசி இலக்கத்தைப் போல 21 மடங்கை எண்ணிலிருந்து கழிக்கிறோம், அவ்வளவுதான். 21 ஏழுக்குக் கட்டுப்பட்டது. அதைக் கழித்தால் கடைசியில் ஒரு சுழி வந்து நிற்கும், அந்தச் சுழியைத் தூக்கிப் போடுகிறோம்.

‘‘அட, நம்ம அடைகோழிக் கணக்கு! 21!’’ என்றாள் பாட்டி. அன்றைக்குக் கணக்குப் புரிந்தவர்களில் பாட்டியும் ஒருத்தி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

1729 கும்பகோணத்துக்காரர் ராமானுஜன் சொன்ன எண் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு விதங்களில் இரண்டு கனங்களின் கூட்டலாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண். டீச்சர் அதில் இன்னொன்றையும் காட்டினார். இலக்கங்களைக் கூட்டினால் 19. 1729ஐ 19ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 91. 91ஐத் திருப்பினால் மறுபடியும் 19. இப்படித் தன் இலக்கக் கூட்டலாலேயே வகுபடும் எண்களுக்கு ‘ஹர்ஷத்’ என்று பெயர் வைத்தவர் கப்ரேக்கர், நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் 1949இல் சொன்ன வேடிக்கை ஒன்று எங்கள் தெருப் பிள்ளைகளை ஒரு கோடை விடுமுறை முழுக்கக் கட்டிப்போட்டது. நான்கு இலக்க எண் ஒன்றை எடு, எல்லா இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. இறங்குவரிசையில் எழுது, அதிலிருந்து ஏறுவரிசையில் எழுதியதைக் கழி. வந்த விடையில் மறுபடியும் அதையே செய். 3,524 என்றால் 5,432இலிருந்து 2,345 போக 3,087. பிறகு 8,730இலிருந்து 378 போக 8,352. பிறகு 8,532இலிருந்து 2,358 போக 6,174. எந்த எண்ணில் தொடங்கினாலும் கடைசியில் 6,174தான், அதற்குப் பிறகு அது நகராது.

அப்பா இதைப் பார்த்துவிட்டுச் சொன்னது: ‘‘ஒவ்வொரு படியிலயும் வர்ற விடையைப் பாரு, ஒன்பதால வகுபடும். எழுத்து இடம் மாறினதோட வித்தியாசம்தானே இதுவும்!’’ லெட்ஜரில் பிழை தேடும் உத்தி, தேவ்லாலி வாத்தியாரின் விளையாட்டுக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அப்பா இரண்டு நாள் யாரிடமும் கோபப்படவில்லை.

மாமா பணிமனையிலிருந்து ஒரு வித்தை கொண்டுவந்தார். ‘‘மூணு இலக்க எண் ஒண்ணு நினைச்சுக்கோ. அதையே பக்கத்துல இன்னொரு தடவை எழுது. 386ன்னா 386386. ஏழால வகு, பதினொண்ணால வகு, பதிமூணால வகு. மீதி வந்தா என் சைக்கிளை எடுத்துக்கோ’’ என்றார். சைக்கிள் யாருக்கும் கிடைக்கவில்லை. 386ஐ இரண்டு முறை எழுதுவது அதை 1,001ஆல் பெருக்குவதற்குச் சமம். 7, 11, 13 மூன்றையும் பெருக்கினால் 1,001. இதிலிருந்தே ஏழுக்கு இன்னொரு வழியும் கிடைக்கிறது. பெரிய எண்ணைப் பின்னாலிருந்து மூன்று மூன்றாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்டியும் கழித்தும் வந்தால், கிடைக்கும் சிறிய எண்ணை வைத்து 7, 11, 13 மூன்றையும் ஒரே மூச்சில் சோதிக்கலாம்.

பின்னாளில் வேகன்களுக்கு 11 இலக்க எண் வந்தது. முதல் இரண்டு வேகனின் வகை, அடுத்த இரண்டு எந்த மண்டல ரயில்வே, அடுத்த இரண்டு தயாரான ஆண்டு, பிறகு நான்கு வரிசை எண். கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்குப் போட்டு வருவது, எங்காவது ஒன்றைத் தப்பாக எழுதினால் காட்டிக்கொடுப்பதற்காக. ‘‘நான் இருபது வருஷமா சொன்னதை இப்பத்தான் டெல்லிக்காரன் கேட்டிருக்கான்’’ என்று மாமா பெருமைப்பட்டுக்கொண்டார். கடையில் வாங்கும் பிஸ்கட் பாக்கெட்டின் கோட்டுக் குறியீட்டிலும் இதே தந்திரம்தான். 13 இலக்கங்களில் ஒன்று விட்டு ஒன்றை மூன்றால் பெருக்கிக் கூட்டினால், மொத்தம் 10ஆல் வகுபட வேண்டும். 890 என்று தொடங்கும் எண்கள் இந்தியாவில் பதிவானவை. நாய் பிஸ்கட்டிலும் அது உண்டு.

நாய் பிஸ்கட் என்றதும் அங்கிளின் லக்கி ஞாபகம் வருகிறது. வெள்ளைப் பொமரேனியன், பெட்டை. எண்ணத் தெரிந்த நாய் என்று அவளுக்குப் பெயர். அங்கிள் பிஸ்கட்டை வரிசையாக வைத்து ‘‘ஹௌ மெனி?’’ என்று கேட்பார். நான்கு இருந்தால் நான்கு குரைப்பு. ஆறு இருந்தால் ஆறு. நாங்கள் கைதட்டுவோம். வகுத்தல்கூடத் தெரியும் என்றார் ஒருநாள். ‘‘பன்னண்டுல எத்தனை மூணு?’’ லக்கி நான்கு முறை குரைத்தாள். பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

டீச்சர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த நாள் ஒரு துண்டோடு வந்தார். பிஸ்கட்டை அவரே வைத்து, அங்கிளுக்குத் தெரியாமல் துண்டால் மறைத்தார். நாய்க்கு மட்டும் தெரிகிற மாதிரி திருப்பினார். லக்கி குரைத்துக்கொண்டே இருந்தாள், நிறுத்தவில்லை. அங்கிள் முகத்தையே பார்த்தாள். அங்கிளுக்குத் தெரிந்தால் லக்கிக்குத் தெரியும். அங்கிளுக்குத் தெரியாவிட்டால் தெரியாது. சரியான எண்ணிக்கை வந்ததும் அங்கிள் தன்னையறியாமல் தோளைத் தளர்த்துவார். அதைத்தான் அவள் இத்தனை நாளும் படித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் டீச்சர் பெர்லின் குதிரையின் கதையைச் சொன்னார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் வளர்த்த ஹான்ஸ் என்ற குதிரை கூட்டல், பெருக்கல், வகுத்தல் எல்லாவற்றுக்கும் குளம்பைத் தட்டிப் பதில் சொன்னது. 1904இல் நிபுணர் குழு ஒன்று வந்து பார்த்து, இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தது. பிறகு ஆஸ்கர் ஃபங்ஸ்ட் என்ற உளவியல் ஆய்வாளர் பொறுமையாகச் சோதித்தார். கேட்பவருக்கே விடை தெரியாத கேள்விகளில் குதிரை தோற்றது. கேட்பவர் கண்ணுக்குத் தெரியாதபோதும் தோற்றது. கேட்பவரின் தலை அசைவை, உடல் இறுக்கத்தை அது பார்த்துக்கொண்டிருந்தது. தாங்கள் அசைகிறோம் என்று கேட்டவர்களுக்கே தெரியாது. 1907இல் ஃபங்ஸ்ட் இதைப் புத்தகமாக எழுதினார்.

அங்கிள் வருத்தப்படுவார் என்று நாங்கள் பயந்தோம். அவர் லக்கியைத் தூக்கி முத்தம் கொடுத்தார். ‘‘நம்பரைப் படிக்கிற நாய் எனக்கெதுக்கு? என்னைப் படிக்குது பாரு’’ என்றார். டீச்சர் சிரித்துவிட்டார். இரண்டு பேர் சொன்னதும் சரி என்று ஒப்புக்கொள்ள முடிகிற இடங்கள் உலகத்தில் குறைவு.

அந்த லக்கிதான் ஏழாம் வாய்ப்பாட்டையும் உடைத்தாள். 1999 கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அவளைப் பாலக்கரைப் பக்கம் ஒரு வீட்டு ஆண் நாயோடு சேர்த்துவிட்டு வந்தார் அங்கிள். காலண்டரில் 63 நாள் எண்ணி, பிப்ரவரி 27ஐச் சுற்றி வட்டம் போட்டார். சரியாக 9 வாரம், அதுவும் ஞாயிறு. அந்த ஞாயிறு முழுக்க நாங்கள் அவர் வீட்டிலேயே கிடந்தோம். ஆன்ட்டி கேக் கொடுத்தார். லக்கி நிம்மதியாகத் தூங்கினாள். திங்களும் போயிற்று. செவ்வாய்க்கிழமை விடிகாலையில்தான் குட்டிகள் வந்தன. 65ஆம் நாள்.

தேதி பிப்ரவரி 29. ‘‘இந்த வருஷம் 29 கிடையாதே! நூறால வகுபட்டா லீப் வருஷம் இல்லன்னு படிச்சிருக்கேன்’’ என்றார் மாமா. படித்தது பாதி சரி. 1900 லீப் ஆண்டு இல்லை. 1582இல் போப் கிரிகோரி காலத்தில் நாட்காட்டியைத் திருத்தியபோது, 4ஆல் வகுபட்டால் லீப், 100ஆல் வகுபட்டால் இல்லை, ஆனால் 400ஆல் வகுபட்டால் மறுபடியும் உண்டு என்று வைத்தார்கள். 2000 அந்த மூன்றாம் வரியில் பிழைத்தது. எங்களுக்கெல்லாம் அது வாழ்நாளில் ஒரே முறை கிடைத்த தேதி, லக்கியின் குட்டிகளுக்குப் பிறந்த நாள்.

‘‘அப்ப லக்கிதான் தப்புப் பண்ணிட்டாளா, ரெண்டு நாள் லேட்டா?’’ என்று கேட்டேன்.

டீச்சர் சொன்னார்: ‘‘அவ தப்புப் பண்ணல. நாமதான் அவளை ஏழால வகுத்துப் பாத்தோம்.’’

அந்த வாசற்படியில் நான் படித்ததை இப்போது ஒரு வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: ‘எப்போதும்’ என்று சொல்லத்தக்க பேச்சு ஒன்று, ‘பெரும்பாலும்’ என்று சொல்லத்தக்க பேச்சு ஒன்று. 9இன் விதி, அதைக் கண்டுபிடித்தவருக்கும் பாட்டிக்கும் எங்கள் தெருவுக்கும் பெர்லினுக்கும் ஒன்றுதான். காரணம் தெரிந்துவிட்டால் பிறகு சோதிக்கவே வேண்டாம். லக்கியின் விதி லக்கிக்கு மட்டும்தான், அதுவும் அன்றைக்கு மட்டும். எத்தனை வருஷம் கூடவே இருந்தாலும் அடுத்த நாள் மறுபடியும் பார்க்க வேண்டும். மிச்சம் ஏழு வீடு மாறியதா என்றால், மாமா எண்ணிய வரை நான்கு வீடுதான். நாயின் வயதை ஏழால் பெருக்குவதும் இப்படித்தான் ஆயிற்று. 2020இல் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் லாப்ரடார் நாய்களின் மரபணுவில் ஏற்படும் மாற்றங்களை மனிதர்களோடு ஒப்பிட்டார்கள். நாய் முதல் வருஷத்திலேயே விறுவிறுவென்று வளர்ந்துவிட்டுப் பிறகு மெதுவாக மூப்படைகிறது, ஒரே எண்ணால் பெருக்கினால் ஒத்துவராது என்றார்கள். அங்கிள் இருந்திருந்தால், ‘‘லாப்ரடாருக்குச் சரி, பொமரேனியனுக்கு?’’ என்று கேட்டிருப்பார். நியாயமான கேள்வி.

ஏழு மட்டும் இன்னும் புதுப்புது வழியில் வந்துகொண்டிருக்கிறது. 2019இல் லண்டனில் படித்த நைஜீரியச் சிறுவன் சிகா ஓஃபிலி, கடைசி இலக்கத்தை ஐந்தால் பெருக்கி மீதி எண்ணோடு கூட்டினாலும் ஏழுக்குச் சரியாக வரும் என்று தானாகவே கண்டுபிடித்தான். 1729 என்றால் 172ம் 45ம் சேர்ந்து 217, 21ம் 35ம் சேர்ந்து 56. இது முன்பே அறிந்த முறைதான். 1965இல் வெளிவந்த பாரதி கிருஷ்ண தீர்த்தரின் ‘வேதக் கணிதம்’ புத்தகத்திலும் இந்த 5 உண்டு. ஆனால் 12 வயதில் தானாகப் போய்ச் சேர்வது வேறு விஷயம். செய்தியைப் படித்துவிட்டு டீச்சருக்குப் போன் செய்தேன். ‘‘நான் கழிக்கச் சொன்னேன், அவன் கூட்டச் சொல்றான். நல்ல பையன்’’ என்றார்.

இப்போது என் மகளுக்கு அவரோடு நேரடியாகவே பேச்சுவார்த்தை உண்டு. சென்னையில் எங்கள் வீட்டுப் பூனைக்குப் போன வருஷம் மைக்ரோசிப் பொருத்தினோம். அரிசி அளவு, தோள்பட்டைக்கு நடுவே தோலுக்கடியில் போகிறது. ஸ்கேனரைக் காட்டினால் 15 இலக்க எண் வரும். 15 இலக்கம் என்றால் மூன்று மூன்றாக ஐந்து பகுதி! மகள் அங்கேயே, மருத்துவரின் மேஜையில், ஒன்றாம் மூன்றாம் ஐந்தாம் பகுதிகளைக் கூட்டி, இரண்டையும் நான்கையும் கழித்தாள். 583 வந்தது. 11ஆல் வகுபட்டது. 13ஆல் இல்லை. ஏழால் வகுத்தால் மீதி 2.

‘‘லக்கிக்கும் 65ல ஏழு போனா மீதி ரெண்டு, நம்ம பூனைக்கும் ரெண்டு’’ என்று டீச்சரிடம் போனில் சொன்னாள்.

‘‘அதுக்குப் பேரு தற்செயல். நோட்டுல தனியா ஒரு பத்தி போட்டு எழுதிக்கோ’’ என்றார் டீச்சர்.

அப்படித்தான் அவள் நோட்டில் மூன்று பத்திகள் உண்டாயின: எப்போதும், பெரும்பாலும், தற்செயல். முதல் பத்தியில் 13க்கு அவளே கண்டுபிடித்த விதி இருக்கிறது: கடைசி இலக்கத்தை நான்கால் பெருக்கி மீதியோடு கூட்டு, 39 அதற்குக் காவல். 17க்கு 51ஐ வைத்து ஏதோ செய்துகொண்டிருக்கிறாள். இரண்டாம் பத்தி முழுக்கப் பூனை. அதில் ஒன்றை மட்டும் அடித்துவிட்டு முதல் பத்திக்கு மாற்றியிருந்தாள்: ‘மீன்காரர் குரல் கேட்டால் ஓடி வரும்.’

டீச்சர் விடவில்லை. ‘‘எப்போதும்னு எழுதினா நிரூபிக்கணும்டி.’’

‘‘நீங்க ஒரு தடவை வந்து பாருங்க பாட்டி, அதுக்கப்புறம் பேசலாம்’’ என்றாள் இவள்.